உதயகிரிக் கோட்டையில் அழையா விருந்தினர்

தமிழ் பயில்வோர்க்கு இயற்கை புதிய பாடம் அன்று. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் எனக் கருப்பொருளை வகுத்துக் காட்டும் தொல்காப்பியப் பகுதியை நம் மாணவர் முதலாண்டிலேயே கற்கின்றனர். நெய்தல் நிலத்து மரம் யாது, முல்லை நிலத்துப் பறவை யாது என வினவினால் தயங்காது விடையிறுப்பர். தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயரைக் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கியதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுவர். ஆயின், அம்மரமும் அப்பறவையும் இன்று எங்கே வாழ்கின்றன, எதனை உண்கின்றன, எதனால் மறைகின்றன என்னும் வினா எந்தத் தேர்வுத்தாளிலும் இடம்பெறுவதில்லை. அவ்வினாவுக்கு விடை தேடி நாம் சில ஆண்டுகளாகச் சென்று வரும் இடம் ஒன்றைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடம் தக்கலைக்கு அணித்தே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைப் பூங்கா ஆகும்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் இனயம். தேங்காய்ப்பட்டணத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட கடற்கரைச் சிற்றூர் அது. கடலோரத்தில் பிறந்தவர்கள் மரங்களையும் பறவைகளையும் காண உள்நாட்டுக் கோட்டை ஒன்றுக்கு ஏன் செல்ல வேண்டும் என வாசகர் கேட்கலாம். அதற்கு விடை எம் ஊர்க் கரையிலேயே இருக்கிறது.

எம் உம்மா தாழை என்னும் சொல்லை வழங்கியதில்லை. 'கைதை' என்றே சொல்வார். கால்வாய்க் கரையில் வளர்ந்த கைதையின் ஓலையை அறுத்து, முள் சீவி, வாட்டி, பாய் முடைவார்கள். அதே 'கைதை' என்னும் சொல் நிகண்டுகளில் தாழைக்குரிய பெயராக இடம்பெற்றிருப்பதைப் பின்னாளில் வகுப்பில் பாடம் சொல்லும்போது கண்டு மகிழ்ந்தோம். நூலில் உறையும் சொல் ஒன்று எம் வீட்டு முற்றத்தில் அன்றாட வழக்காக உயிரோடு இருந்தது. அன்று கரையில் கைதையும், மணலைப் பற்றிப் படரும் அடம்பும், நிழல் தரும் புன்னையும் இருந்தன. பின்னர்க் கடல் ஏறி வந்தது. வீடுகளைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டிச் சுவர் அமைத்தார்கள். வீடிழக்கும் அச்சத்தில் வாழும் மக்களுக்கு அச்சுவர் வேண்டியதே. அதனைக் குறை கூறுவார் யாருமிலர். எனினும் கல் விழுந்த இடத்தில் மணல் இல்லை. மணல் இல்லாத இடத்தில் அடம்பு படராது. ஆமை முட்டையிடக் கரை ஏறாது. செடி போனபின் அதன் பெயரும் மெல்லப் போயிற்று. இன்று எம் ஊர்ச் சிறுவரிடம் கைதை எது எனக் கேட்டால் காட்டுவதற்குச் செடியும் அரிது, சொல்லுவதற்குச் சொல்லும் அரிது.

இங்ஙனம் கரையில் ஒரு கருங்கற்சுவர் உயிர்களுக்கு இடமின்றிச் செய்ய, இருபது கிலோமீட்டர் அளவே தொலைவிலுள்ள வேறொரு கருங்கற்சுவர் எண்ணற்ற உயிர்களுக்கு அடைக்கலம் தந்து நிற்கிறது. அதுவே உதயகிரி.

கோட்டையின் வரலாறு

1741இல் எம் ஊருக்கு அடுத்துள்ள குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை ஒல்லாந்தரை வென்றது யாவரும் அறிந்த வரலாறு. அப்போரின் பின் மன்னரிடம் அடைக்கலமான படைத்தலைவர் டிலனாய், பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றார். ஒரு குன்றை நடுவில் வைத்து அதனைச் சுற்றிக் கருங்கல் மதிலாக அமைந்த உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் திருத்திக் கட்டப்பட்டது. உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் இருந்தது. 1777இல் மறைந்த டிலனாயின் கல்லறை இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. இலத்தீன் மொழியோடு தமிழிலும் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.

ஏறத்தாழத் தொண்ணூறு ஏக்கர் பரப்புடைய அக்கோட்டையில் இன்று படைவீரர் இல்லை. வனத்துறை அங்கே பல்லுயிர்ப் பூங்கா ஒன்றை அமைத்தது. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் வந்து மரநிழலில் அமர்கின்றன. பூங்கா என்றதும் கூண்டில் உள்ள உயிர்களைப் பற்றியே பலரும் பேசுவர். ஈண்டு நாம் பேச விரும்புவது அவற்றை அன்று. எவரும் கொண்டுவந்து விடாமல், எவரும் உணவு வைக்காமல், தாமே வந்து குடியேறிய உயிர்களைப் பற்றியே பேச விரும்புகிறோம். மதில் எழுப்பியவர்கள் பகைவர் உள்ளே வாராதபடி காக்க நினைத்தார்கள். அம்மதிலையே வாயிலாகக் கொண்டு இவ்வழையா விருந்தினர் உள்ளே வந்துவிட்டனர்.

மதிலேறி வந்தவர்கள்

முதலில் வந்தவை ஆலும் அரசும் அத்தியும் எனலாம். இவற்றின் பழத்தை உண்ட பறவையும் வௌவாலும் மதில்மேல் எச்சமிடுகின்றன. கல்லிடுக்கில் தங்கிய விதை மழை ஈரத்தில் முளைக்கிறது. மண்ணே இல்லாத இடத்தில் மரம் நிற்பதன் மறைபொருள் இதுவே. பூவாமல் காய்ப்பவை என உலகோர் கருதும் இம்மரங்கள் உண்மையில் பூப்பவையே. காய் என நாம் காணும் உருண்டையின் உட்புறத்தில் பூக்கள் மறைந்துள்ளன. ஊசிமுனை அளவே உள்ள பெண்குளவி நுண்துளை வழியே உள்ளே நுழைந்து, மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கே உரிய குளவி இனம் உண்டு. குளவியின்றி மரம் கனியாது. மரமின்றிக் குளவி வாழாது. பிற மரங்கள் கனி தாராத காலத்திலும் ஏதேனும் ஓர் ஆல் அல்லது அத்தி கனிந்திருக்கும் ஆதலின், பறவைகளுக்கு வறட்சிக் காலத்து அன்னசத்திரம் இவையே.

இம்மரங்களால் மதிலுக்கு ஊறு நேர்வதும் உண்மை. வேர் பருத்தால் கல் பிளக்கும். ஆகவே மதிலில் முளைத்த கன்றை இளமையிலேயே அகற்றித்தான் ஆக வேண்டும். மதிலுக்கு அப்பால் தரையில் நிற்கும் ஆலமரத்தைக் காப்பதே இருதரப்புக்கும் நன்மை பயக்கும் வழியாகும்.

பீரங்கி வார்த்த கோட்டைக்குள் இன்று வேறொரு கொல்லன் ஓசை கேட்கிறது. நண்பகலில் 'டொக், டொக்' எனச் செப்புத்தகட்டைச் சீராகத் தட்டுவது போன்ற ஒலி. பச்சை உடலும் நெற்றியிலும் மார்பிலும் சிவப்பும் கொண்ட செம்மார்புக் குக்குறுவானின் குரல் அது. செம்புக்கொல்லன் எனப் பொருள்படும் பெயரை ஆங்கிலேயர் அதற்கு இட்டதும் இவ்வொலி கருதியே. புதரடியில் சிவந்த சிறகும் சிவந்த கண்ணுமாய்ச் செம்போத்து நடை பழகும். கேரளத்தார் அதனை உப்பன் என்பர். கருங்குயில் குரலெடுத்துக் கூவும். கூவும் குயிலைப் பெண்ணாகக் கருதுவார் உளர். கூவுவது கரிய ஆண்பறவையே, பெண்பறவை புள்ளிகள் நிறைந்த பழுப்பு நிறத்தது. கல்லிடுக்கில் கூடு வைக்கும் குண்டுக்கரிச்சான் வைகறையில் பாடும் பாட்டுக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல இயலாது. வெயில் ஏறக் கல் சூடேறும். அரணையும் ஓணானும் அதன்மேல் கிடந்து உடலை வெதுப்பிக் கொள்ளும். அவற்றை நாடிச் சாரைப்பாம்பும், வானில் வட்டமிட்டுச் செம்பருந்தும் வரும்.

அந்தி சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால்கள் கோட்டைக்கு மேலாகப் பறந்து செல்வதைக் காணலாம். தோட்டத்துப் பழத்தைத் தின்பதால் மக்கள் அவற்றை வெறுப்பர். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையும் அவற்றைக் காகம், எலி முதலியவற்றுடன் சேர்த்துத் தீங்குயிர் என்றே நெடுங்காலம் குறித்து வந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அவ்வட்டவணையே நீங்கிற்று. இரவில் மலரும் இலவம் முதலிய மரங்களுக்கு மகரந்தம் சுமப்பதும், விதைகளைத் தொலைவுக்குக் கொண்டு சென்று தூவுவதும் இவ்வௌவால்களே என்பதை உலகம் காலந்தாழ்த்தியேனும் ஏற்றது.

சருகும் பட்டமரமும்

இவ்வுயிர்கள் அனைத்துக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. அதனை எமக்கு உணர்த்தியது ஒரு சிறு பறவை.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டும் அப்பறவை, புரட்டாசி ஐப்பசித் திங்களில் தெற்கே புறப்பட்டுத் தென்கோடி வரை வந்து சேரும். பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு, வெண்மை எனப் பல நிறம் பூண்டது, வால் குறுகியது. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் தமிழ் மக்கள் அதற்கு ஆறுமணிக்குருவி எனப் பெயரிட்டனர். கடிகாரத்தைப் பெயராகப் பெற்ற பறவை வேறு எதுவும் உளதோ யாம் அறியோம். இத்துணைத் தொலைவு கடந்து வரும் அது மரக்கிளையில் இரை தேடுவதில்லை. மரத்தடியில் விழுந்து மட்கும் சருகைப் புரட்டி, அதனடியில் உள்ள புழுவையும் பூச்சியையும் உண்டே உயிர் வாழ்கிறது. சருகு இல்லையேல் அதற்கு உணவு இல்லை.

மாவட்டத்தின் வேறொரு நகரில் உள்ள சிறு பூங்கா ஒன்றுக்கு ஒருநாள் மாணவரோடு சென்றிருந்தோம். மரங்கள் நிறைந்த இடமாயினும் மரத்தடி கண்ணாடி போல் துடைத்துக் கிடந்தது. ஓர் ஓரத்தில் சருகுக் குவியல் புகைந்துகொண்டிருந்தது. வாரியலோடு நின்ற முதிய பெண்மணியிடம், "அம்மா, இந்த மரத்தடிச் சருகை வாராமல் விட்டால் என்ன?" என வினவினோம். "அதெப்படி சாறே? ஒரு நாளு வாராம விட்டா, வாறவங்க குப்பையா கெடக்குன்னு ஏசுவாங்கல்லா? நான் சொன்னா யாரு கேப்பா?" என்றார் அவர். அவர்மீது குற்றம் சொல்ல யாதுமில்லை. தூய்மை என்றால் வெறுந்தரை எனக் கருதும் நம் அனைவரின் கண்ணுக்காகவே அவர் முதுகு வளைந்து பெருக்குகிறார். அப்பூங்காவில் காகமும் மைனாவும் இருந்தன. சருகை நம்பி வாழும் பறவை ஒன்றையும் மாணவர் காணவில்லை.

சருகுக்குச் சொன்னது பட்டமரத்துக்கும் பொருந்தும். குக்குறுவானும் மரங்கொத்தியும் உலர்ந்த கிளையைக் குடைந்து பொந்து செய்கின்றன. அவை விட்டுச் சென்ற பொந்தில் மைனாவும் சிற்றாந்தையும் அணிலும் குடியேறுகின்றன. ஒரு பட்டமரம் பல தலைமுறைக்கு வாடகையில்லா வீடு. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது கடலில் எத்தனையோ இல்லங்களின் விளக்கு அணைந்தது. கரையில் தென்னையும் வாழையும் இரப்பரும் பெருமரங்களும் சாய்ந்தன. வீட்டின்மேலும் சாலையிலும் விழுந்த மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். எவருக்கும் இடையூறின்றி ஒதுங்கி நிற்கும் பட்டமரத்தையும் சேர்த்து வெட்டிவிட்டு, அழகுக்கென வேற்றுநாட்டுச் செடியை நட்டால், வீடிழந்த பறவைக்கு நாம் திருப்பி அளித்தது என்ன?

களை எனப்படுவதிலும் இவ்வுண்மையே உறைகிறது. ஈசுவரமூலி என்னும் கொடியையும் ஆடுதின்னாப்பாளை என்னும் சிறு செடியையும் தோட்டக்காரர் களை எனப் பிடுங்கி எறிவர். கரிய சிறகில் சிவப்புப் புள்ளி கொண்ட ரோசா அழகி வண்ணத்துப்பூச்சி அவ்வினச் செடிகளில்தான் முட்டையிடும். அதன் புழு வேறு இலையைத் தின்று வளராது. செடியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பும். மலர்ச்செடி ஆயிரம் நட்டாலும் அந்த ஒரு களை இல்லையேல் அவ்வண்ணத்துப்பூச்சி அங்கே பிறப்பதில்லை.

ஆகவே நகர்ப்பூங்காவின் உயிர்ச்செல்வம் பெருகுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சிறிது இடத்தைத் திருத்தாமல் விட்டுவைக்கும் மனம் வேண்டும். உதயகிரியின் பரந்த வெளியில் குன்றுச் சரிவும் புதரும் கல்லிடுக்கும் தம் போக்கில் கிடப்பதாலேயே அத்தனை உயிர்கள் அங்கே தங்கின. தரைக்கல் பதிக்காத மண், வாராத சருகு, வெட்டாத பட்டமரம், பிடுங்காத கொடி ஆகிய நான்கும் எங்கே உண்டோ அங்கே விருந்தினர் அழையாமலே வருவர்.

பெயரறியும் கடமை

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை எனக் கேட்பாரும் உளர். வேலை உண்டு. பெயர் தெரியாத உயிரையே மனிதன் முதலில் குப்பை என்றும் களை என்றும் ஒதுக்குகிறான்.

பறவையியலறிஞர் சாலிம் அலியின் வாழ்வு பெயரறியும் வேட்கையிலிருந்தே தொடங்கியது. 1896இல் பம்பாயில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்த சிறுவர் அவர். தாம் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, இஃது எவ்வகைக் குருவி எனக் கேட்டார். அவ்வினாவே அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை அவர் ஆராய்ந்தபோது நம் குமரி மாவட்டமும் திருவிதாங்கூரின் பகுதியாகவே இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அரிய பழந்தின்னி வௌவால் இனம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. பழந்தின்னி வௌவால்கள் எல்லாம் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்த நாளிலும் அந்த ஓரினத்துக்கு மட்டும் சட்டம் விலக்கு அளித்தது. பெயர் அறியப்பட்ட உயிர் காக்கப்பட்டது. பெயரில்லாக் கூட்டம் காத்திருந்தது.

இதனை உளங்கொண்டே எம் மாணவர்க்கு உதயகிரியில் ஒரு பயிற்சி அளித்தோம். கண்ட ஒவ்வோர் உயிருக்கும் இலக்கியத்தில் உள்ள பெயர் ஒரு பத்தியிலும், தத்தம் வீட்டில் வழங்கும் பெயர் மறு பத்தியிலும் எழுத வேண்டும். முதல் நாள் இலக்கியப் பத்தி விரைவில் நிரம்பியது. வீட்டுப் பத்தி வெறுமையாகக் கிடந்தது. மீனவர் குடும்பத்து மாணவர் ஒருவர் மட்டும் வானில் வட்டமிட்ட செம்பருந்தைக் கண்டதும் கரையில் வலை இழுக்கும்போது அது மீன் கவ்வும் முறையை விரித்துரைத்தார். ஆலா, உள்ளான் எனக் கடற்பறவைப் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். வகுப்பில் வாய் திறவாத மாணவர் அவர். மறுவாரம் ஏனையோரும் பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டுத் தொழிலாளர் எனப் பலரிடம் கேட்டு வந்து தம் பத்தியை நிரப்பினர். அப்பட்டியல் இப்போது எம் துறையில் இருக்கிறது. அதில் உள்ள சொற்களுள் சிலவற்றை எந்த அகராதியிலும் நாம் கண்டதில்லை. சொன்னவர்களோ முதியவர்கள்.

ஆர்வமுடைய மாணவர்க்கு வழிகள் பல உள. அறிஞர் க. ரத்னம் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூலை அவர்கள் காண வேண்டும். மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளைப் பயில வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறை நாள்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் கல்லூரி வளாகத்திலிருந்தே கலந்துகொள்ளலாம். கண்ணும் காதும் குறிப்பேடும் போதும்.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பூங்கா இல்லாத ஊரிலும் பள்ளிவாசலை ஒட்டி மையவாடி இருக்கிறது. தேவாலயத் தோட்டமும் கோயிற்காவும் இருக்கின்றன. இவை எவரும் திட்டமிடாமல் அமைந்த பூங்காக்கள். ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவையோ விலங்கோ மனிதரோ உண்டால் அது நட்டவர்க்குத் தருமமாகும் என்பது பெருமானார் போதனையின் பொருள். வேலை முடிந்து ஓய்வு கொள்வோர் உறங்கும் மையவாடியின் ஒரு மூலையிலேனும் நாவலும் இலுப்பையும் புன்னையும் நட்டு, அதன் சருகை எரிக்காமல் விட்டுவைத்தால், அத்தருமம் அவர்தம் பெயரால் நாள்தோறும் நடைபெறும். இனயத்துக் கரையில் கல்லுக்குப் பின்னால் எஞ்சிய மண்ணில் நான்கு கைதைப் பதியன்களை ஊன்றுமாறு எம் உறவினரிடமும் சொல்லியிருக்கிறோம்.

எம் கல்லூரி வளாகத்தின் வடக்கு மதிலோரத்தில் பத்தடி அகலத்தை இவ்வாண்டு முதல் பெருக்காமல் விட நிருவாகத்தினர் இசைந்துள்ளனர் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறோம். ஐப்பசி பிறந்ததும், மாலை ஆறு மணிக்கு அப்பக்கம் செல்லும் மாணவர் சற்றே நின்று செவிமடுப்பாராக. குரல் கேட்டால் நாளும் நேரமும் குறித்துத் துறையில் தெரிவிப்பாராக.